போலிங் வேனில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீசில் கிராணி. பல வருடங்களுக்கு முன் கம்பெனி விளையாட்டுப் போட்டிக்கு ஆள் குறைகிறது என்று என்னை இழுத்துக்கொண்டு போய்ப் போலிங் பந்தைக் கையில் கொடுத்தார்கள், அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை. இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வேன் பிடித்து, லயத்துப் பிள்ளைகள், அவர்களுடைய அம்மாமார், பால்மரம் வெட்டி ஓய்ந்த தாத்தாக்கள் என்று வருகிறவர்களை எல்லாம் போலிங் ஆட ஈப்போவுக்கு அழைத்துப் போகிறேன். போகிற வழி முழுக்க அதே கேள்விகள், திரும்பும்போது அதைவிடச் சிக்கலான கேள்விகள். எழுதி வைத்துவிட்டால் என் தொண்டையாவது மிஞ்சும்.

அக்கா, மொத்தத்துல இதுல என்னதான் செய்யணும்?

அந்தக் கோடியில் பத்துப் பின், அதாவது பாட்டில்போல இருக்கிற கட்டைகள், முக்கோணமாக நிற்கும். முன்னால் ஒன்று, அதன் பின்னால் இரண்டு, அப்புறம் மூன்று, கடைசியில் நான்கு. இந்தப் பக்கம் இருந்து, லேன் என்கிற நீளமான பலகைத் தரையில் பந்தை உருட்டி அத்தனையையும் சாய்க்க வேண்டும். ஒரு ஆட்டத்துக்குப் பத்து முறை உங்கள் வாய்ப்பு வரும், அதை ஃபிரேம் என்பார்கள். ஒவ்வொரு ஃபிரேமிலும் இரண்டு பந்து. முதல் பந்திலேயே பத்தும் விழுந்தால் ஸ்ட்ரைக், இரண்டாவது பந்து கிடையாது. இரண்டு பந்தில் பத்தும் விழுந்தால் ஸ்பேர். இரண்டு பக்கமும் இருக்கிற பள்ளத்தில் பந்து விழுந்தால் ஒன்றும் கிடையாது. அதற்கு வேறு பேர் இருக்கிறது, ஆனால் நம் ஆட்கள் எல்லாரும் லோங்காங் என்றுதான் சொல்கிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன்.

சப்பாத்து ஏன் வாடகைக்கு எடுக்கணும்? என் சப்பாத்தே புதுசுதானே?

இந்தக் கேள்வி கேட்காத ஆளே இல்லை. காசு பிடுங்கும் வேலை என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். போலிங் சப்பாத்தின் அடி வழவழப்பாக இருக்கும். கடைசி அடி வைக்கும்போது கால் கொஞ்சம் வழுக்கிக்கொண்டு போய் நிற்க வேண்டும், அப்போதுதான் உடம்பு முன்னால் போகிற வேகம் மெதுவாக அடங்கும். ரப்பர் அடி போட்ட சப்பாத்து அங்கே கப்பென்று பிடித்துக்கொள்ளும், கால் நிற்கும், ஆள் நிற்கமாட்டார். முட்டி பெயர்ந்துவிடும்.

காலுறை நீங்களே கொண்டு வந்துவிடுங்கள். போட்ட பிறகு கழிவறைக்கு அந்தச் சப்பாத்தோடு போகாதீர்கள். அடியில் ஈரம் பட்டால் அதுவும் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும், அப்புறம் ரப்பர் சப்பாத்து கதைதான்.

சேலை கட்டிட்டு ஆடலாமா?

ஆடலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் கடைசி அடியில் முட்டியை நன்றாக மடக்கித் தாழ வேண்டும், சேலையில் அது வராது. பஞ்சாபி சூட் போதும், ஷாலை மட்டும் எடுத்துவைத்துவிட்டு வாருங்கள். கையில் மோதிரம் இருந்தால் கழற்றிவிடுங்கள், பந்தின் ஓட்டைக்குள் விரல் போகிறது.

இது கைப்பலம் உள்ளவங்க ஆட்டம்தானே?

இல்லவே இல்லை. ஒரு தடவை, நாள் முழுக்கக் குலை தூக்கிப் போடுகிற இரண்டு தம்பிமார் வந்தார்கள். எடுத்த எடுப்பில் 16 பவுண்டு பந்து, அதாவது ஏழே கால் கிலோ, இருப்பதிலேயே கனமானது. சுவரை இடிப்பதுபோல் வீசினார்கள். பத்துப் பந்தில் ஏழு லோங்காங். பக்கத்து லேனில் அவர்களில் ஒருவருடைய பாட்டி, 8 பவுண்டு பந்தை மெதுவாக விட்டு, பந்து போய்ச் சேருமா என்று நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க, ஆறு ஏழு பின்னைச் சாய்த்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார்.

காரணம் இதுதான். நீங்கள் நிற்கும் கோட்டிலிருந்து முதல் பின்னுக்கு 60 அடி. லேனின் அகலமோ மூன்றரை அடிக்கும் கொஞ்சம் குறைவு. கையை விடும்போது ஒரே ஒரு டிகிரி கோணினால் போதும், அங்கே போய்ச் சேரும்போது பந்து ஒரு அடிக்கு மேல் விலகிவிடும். இரண்டு டிகிரி என்றால் லோங்காங். பலத்தைக் கொடுக்கும்போது தோள் இறுகும், தோள் இறுகினால் கை நேராக ஆடாது. கையை ஊஞ்சல் கயிறாகவும் பந்தை ஊஞ்சல் பலகையாகவும் நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் போனது தானாக முன்னால் வரும், நீங்கள் தள்ளவே வேண்டாம்.

அப்போ எந்தப் பந்தை எடுக்கிறது?

உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்கு என்று ஒரு கணக்குச் சொல்வார்கள், தொடக்கத்துக்கு அது பரவாயில்லை, ஆனால் 90 கிலோ ஆளுக்கு அந்தக் கணக்கில் 16 பவுண்டையும் தாண்டிவிடும், அதனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். பந்தை நெஞ்சுக்கு நேராக இரண்டு கையால் ஏந்தி அரை நிமிடம் நில்லுங்கள். கை நடுங்கினால் கனம் அதிகம். முதல் தடவை வரும் பெண்கள் 8 அல்லது 9, ஆண்கள் 10 முதல் 12 எடுத்தால் யாருக்கும் மறுநாள் தோள்வலி என்று எம்.சி., அதாவது மருத்துவ விடுப்பு, எடுக்கிற அவசியம் வராது. எண் பந்தின் மேலேயே இருக்கும்.

எடையைவிட ஓட்டைதான் முக்கியம். கட்டைவிரல் முழுசாக உள்ளே போக வேண்டும், நடுவிரலும் மோதிரவிரலும் இரண்டாவது கணு வரை. கட்டைவிரல் இறுக்கமாகவும் இருக்கக்கூடாது, தொளதொளவென்றும் ஆடக்கூடாது. எனக்கு முதல் நாள் இறுக்கமான பந்து மாட்டி, விடவேண்டிய நேரத்தில் விரல் வராமல், பந்து மேலே எழும்பி டம்மென்று விழுந்த சத்தத்தில் அந்த இடமே திரும்பிப் பார்த்தது. தொளதொளப்பு அதைவிட மோசம். பந்து விழுந்துவிடுமோ என்று பயந்து விரலால் இறுக்கிப் பிடிப்பீர்கள், பிடித்தால் கை ஊஞ்சலாக ஆடாது.

எத்தனை அடி நடக்கணும்? எந்தக் கால் முதல்ல?

நான்கு அடி. வலது கைக்காரர் வலது காலில் தொடங்கி இடது காலில் வழுக்கி முடிக்க வேண்டும். முதல் அடியோடு பந்தை முன்னால் நீட்டுங்கள், இரண்டாவது அடியில் பந்து கீழே வரும், மூன்றாவதில் பின்னால் போகும், நான்காவதில் கால் வழுக்க, பந்து கணுக்காலைத் தாண்டிப் போகும்போது விடுங்கள். விட்ட பிறகும் கை மேலே போகட்டும், பக்கத்தில் இருப்பவரோடு கைகுலுக்கப் போவதுபோல.

எங்கே தொடங்குவது என்று குழம்பினால், கோட்டுக்கு முதுகைக் காட்டி நின்று சாதாரணமாக நாலரை அடி நடந்து திரும்பி நில்லுங்கள். அதுதான் உங்கள் இடம். நடக்கவே முடியவில்லை என்றால் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றபடியே விடலாம். முதுகு வளைந்த தாத்தா ஒருவர் அப்படித்தான் ஆடுகிறார், எங்கள் வேனில் அவரை ஜெயிக்க முடியாதவர்கள் நிறைய.

கோட்டை மிதிச்சா என்ன ஆகும்?

அந்தப் பந்தில் சாய்ந்த எந்தப் பின்னும் கணக்கில் வராது, ஆனால் பந்து போட்டதாகவே கணக்கு. முதல் பந்தில் மிதித்துவிட்டால் பத்துப் பின்னையும் மறுபடி நிறுத்தித் தர வேண்டும், இரண்டாவது பந்தில் பத்தையும் சாய்த்தால் அது ஸ்பேர், ஸ்ட்ரைக் இல்லை. பொழுதுபோக்காக ஆடும்போது பல இடங்களில் கோட்டை மிதிப்பதைக் கண்டுபிடிக்கும் மின்கண்ணை அணைத்தே வைத்திருப்பார்கள், அதனால் மிதித்தால் பரவாயில்லை என்று பழகிவிடாதீர்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் எண்ணெய். கால் வைத்தால் ஆள் மல்லாக்கத்தான். நான் விழுந்திருக்கிறேன், அதற்கு மேல் அதைப் பற்றி எழுத விருப்பமில்லை.

எண்ணெயா? எதுக்கு தரையில எண்ணெய் ஊத்துறாங்க?

முதலில் மரப்பலகை தேயாமல் இருக்கத்தான். இப்போது பெரும்பாலும் செயற்கைப் பலகை, ஆனாலும் எண்ணெய் ஆட்டத்தின் ஒரு பாகமாகவே ஆகிவிட்டது. லேன் முழுக்கப் பூசமாட்டார்கள். சாதாரணமாகக் கோட்டிலிருந்து 40 அடி வாக்கில் வரை இருக்கும், அதற்கப்புறம் பின்கள் நிற்கிற பக்கத்துக் கடைசி 20 அடி காய்ந்த தரை. அகலத்திலும் நடுவில் கனமாக, ஓரத்தில் லேசாக. சுழற்சியோடு விட்ட பந்து எண்ணெயில் வழுக்கிக்கொண்டே போய், காய்ந்த இடம் வந்ததும் தரையைப் பிடித்துத் திரும்பும். மழை பெய்த தார்ரோட்டில் மோட்டார் வழுக்கிப்போய்க் காய்ந்த இடத்தில் டயர் பிடிக்குமே, அதேதான். இரவாக ஆக, பந்துகள் எண்ணெயை எடுத்துக்கொண்டும் இழுத்துக்கொண்டும் போய்விடும். சாயந்திரம் சரியாகப் போன பந்து ஒன்பது மணிக்குக் கோணுகிறது என்றால் உங்கள் கை மட்டுமே காரணம் இல்லை.

நான் பின்னைப் பார்த்துத்தான் வீசுறேன், ஏன் படமாட்டேங்குது?

பின்னைப் பார்ப்பதுதான் தப்பு. 60 அடிக்கு அப்பால் இருப்பதைக் குறிவைப்பதைவிடப் பக்கத்தில் இருப்பதைக் குறிவைப்பது சுலபம். லேனில் ஏறத்தாழ 15 அடி தூரத்தில் ஏழு அம்புக்குறி வரைந்திருக்கும். வலது கைக்காரர் வலது ஓரத்திலிருந்து இரண்டாவது அம்பைப் பாருங்கள். லேன் 39 பலகைப் பட்டையாகப் பிரிந்திருக்கும், அந்த அம்பு ஓரத்திலிருந்து பத்தாவது பட்டை. பந்து அந்த அம்பின் மேல் உருண்டதா இல்லையா என்பதை மட்டும் பாருங்கள். கோலிக்குண்டு ஆடினவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும்.

அம்பின் மேல்தான் போனது, ஆனாலும் முதல் பின்னுக்கு வலப்பக்கமாகப் போய்விட்டதா? அடுத்த தடவை நீங்களும் இரண்டு பட்டை வலப்பக்கம் நகர்ந்து நில்லுங்கள், அதே அம்பைப் பாருங்கள். பந்து எந்தப் பக்கம் தவறியதோ அந்தப் பக்கமே கால் நகர வேண்டும். தலைகீழாகத் தோன்றும். நடுவில் ஆணி அடித்த பலகையின் ஒரு முனையை வலப்பக்கம் தள்ளினால் மறுமுனை இடப்பக்கம் போகிறதல்லவா, அந்த அம்புதான் ஆணி.

நடுப் பின்னை நேரா அடிச்சேன், எப்படி ரெண்டு ஓரத்துலயும் நின்னுச்சு?

நேராக அடித்ததால்தான் நின்றது. பின்களுக்கு எண் உண்டு: முன்னால் 1, அதற்குப் பின் இடமிருந்து 2, 3, அப்புறம் 4, 5, 6, கடைசி வரிசை 7, 8, 9, 10. ஒன்றாம் பின்னின் நெற்றியில் பந்து மோதினால் நடுவை மட்டும் வாரிக்கொண்டு போகும். வலது கைக்காரர் 1க்கும் 3க்கும் இடையில் விட வேண்டும், இடது கைக்காரர் 1க்கும் 2க்கும் இடையில். அந்த இடத்துக்கு பாக்கெட் என்று பெயர்.

எனக்கு இந்த ஆட்டத்திலேயே பிடித்த விஷயம் இதுதான். வலது கைக்காரரின் சுத்தமான ஸ்ட்ரைக்கில் பந்து தொடுவது நான்கே பின்தான்: 1, 3, 5, 9. மீதி ஆறையும் பின்களே பார்த்துக்கொள்ளும். 1 போய் 2ஐத் தள்ளும், 2 போய் 4ஐ, 4 போய் 7ஐ. அந்தப் பக்கம் 3 போய் 6ஐ, 6 போய் 10ஐ. 5 போய் 8ஐ. கைப்பலக் கேள்விக்கு இது இரண்டாவது பதில்.

இந்தக் கணக்கே புரியலயே, ஒரு தடவை பொறுமையா சொல்லுங்க.

சரி, பொறுமையாக. ஸ்பேர் போட்டால் 10, அதோடு அடுத்த ஒரு பந்தில் விழுந்தது. ஸ்ட்ரைக் போட்டால் 10, அதோடு அடுத்த இரண்டு பந்தில் விழுந்தது. இரண்டும் இல்லை என்றால் விழுந்தது மட்டும். அவ்வளவுதான்.

முதல் ஃபிரேமில் 7, அப்புறம் 3, அது ஸ்பேர். இரண்டாவதில் 6, 2. அப்போது முதல் ஃபிரேமுக்கு 10 + 6 = 16, இரண்டாவதுக்கு 8, மொத்தம் 24. மூன்றாவதில் ஸ்ட்ரைக், நான்காவதில் 5, 4. மூன்றாவதுக்கு 10 + 5 + 4 = 19, மொத்தம் 43. நான்காவதுக்கு 9, மொத்தம் 52. திரையில் சில நேரம் கட்டம் காலியாக நிற்பது இதனால்தான், அடுத்த பந்துக்காகக் காத்திருக்கிறது, மெஷின் கெட்டுப்போகவில்லை. பத்தாவது ஃபிரேமில் ஸ்ட்ரைக் விழுந்தால் கூட இரண்டு பந்து, ஸ்பேர் விழுந்தால் கூட ஒரு பந்து. பன்னிரண்டு பந்தும் ஸ்ட்ரைக் என்றால் 300, அதற்கு மேல் கிடையாது.

எனக்கு மூணு ஸ்ட்ரைக், அவனுக்கு ரெண்டுதான். அவன் எப்படி ஜெயிச்சான்? மெஷின் ஏமாத்துது!

இதற்காக அண்ணன் தம்பி இரண்டு பேர் வேனில் ஒரு மணி நேரம் பேசாமல் வந்த கதை உண்டு. அன்றைக்கு நடந்ததுபோல ஆறு ஃபிரேமை எடுத்துக்கொள்வோம். அண்ணன் ஒரு ஸ்ட்ரைக், அடுத்ததில் 9 விழுந்து ஒன்று மிச்சம், மறுபடி ஸ்ட்ரைக், மறுபடி 9 என்று மூன்று முறை. ஒவ்வொரு ஜோடிக்கும் 19 + 9 = 28, மொத்தம் 84. தம்பி தொடர்ந்து இரண்டு ஸ்ட்ரைக், அப்புறம் நான்கு ஃபிரேமும் 9 விழுத்தி மிச்சமிருந்த ஒன்றையும் எடுத்து ஸ்பேர், ஏழாவது ஃபிரேமின் முதல் பந்திலும் 9. முந்தைய பதிலில் சொன்னபடி கூட்டினால் 29 + 20 + 19 + 19 + 19 + 19 = 125.

அண்ணன் விட்டது மூன்று பின், தம்பி விட்டது ஒன்றும் இல்லை. இதையே ஆட்டம் முழுக்க நீட்டிப் பாருங்கள். பத்து ஃபிரேமிலும் 9 எடுத்து, ஒன்றை விட்டுவிட்டால் 90. அந்த ஒன்றை ஒவ்வொரு முறையும் எடுத்துவிட்டால், கடைசியாகக் கிடைக்கும் பந்திலும் 9 விழுந்தால், 190. ஒரு ஸ்ட்ரைக்கூட இல்லாமல்! ஸ்ட்ரைக் விழுந்தால் எல்லாரும் கத்துவார்கள், ஸ்பேர் விழுந்தால் பக்கத்தில் இருப்பவர்கூட கச்சான் தின்றுகொண்டிருப்பார். ஆனால் புதிதாக வருகிறவர்களிடம் நான் தலையில் அடித்துக்கொண்டு சொல்வது ஸ்பேரைப் பழகுங்கள் என்றுதான்.

அப்போ மிச்சமிருக்கிற பின்னை எப்படி எடுக்கிறது?

அம்பும் ஆணியும் சொன்னேனே, அதே கணக்கு. பின் இடப்பக்கம் நின்றால் நீங்கள் வலப்பக்கம் நகருங்கள், பின் வலப்பக்கம் நின்றால் இடப்பக்கம். வலது கைக்காரருக்குத் தொல்லை கொடுப்பது 10ஆம் பின், வலது மூலையில் லோங்காங்கை ஒட்டிக்கொண்டு நிற்கும். லேனின் இடது ஓரத்துக்கே போய், நடு அம்பின் மேல் குறுக்காக விடுங்கள். தோள் இரண்டும் அந்தப் பின்னைப் பார்த்துத் திரும்பியிருக்க வேண்டும், காலை மட்டும் நகர்த்திவிட்டு உடம்பை நேராக வைத்தால் பந்து லோங்காங்கில்தான் இறங்கும். இடது கைக்காரருக்கு இதே தொல்லை 7ஆம் பின்னிடம். மேலே நான் சொன்ன எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல மாற்றிக்கொள்ளுங்கள்.

பந்து லோங்காங்ல விழுந்து எம்பி வந்து பின்னைத் தள்ளிடுச்சு. கணக்குதானே?

கணக்கு இல்லை. மெஷின் கூட்டிக் காட்டினாலும் இல்லை. ஆனால் ஒரு பின் பக்கச் சுவரில் பட்டுத் திரும்பி வந்து இன்னொரு பின்னைச் சாய்த்தால் அது கணக்கு. ஒரு பின் ஆடிக்கொண்டே நகர்ந்துபோய் நின்றால், நின்றதுதான், விழவில்லை.

டிவில வர்றவங்க பந்து மட்டும் வளைஞ்சு போகுதே, நான் மணிக்கட்டைத் திருப்பியும் வரல?

திருப்பாதீர்கள், மணிக்கட்டுதான் போகும். பந்தை விடும்போது கட்டைவிரல் முதலில் வெளியே வரும், மற்ற இரண்டு விரலும் ஒரு நொடிகூட ஆகாத இடைவெளியில் அப்புறம் வரும், அந்த இரண்டும் பந்தின் பக்கவாட்டில் இருந்தால் சுழற்சி தானாகக் கிடைக்கும். நடையைப் பற்றிச் சொல்லும்போது கைகுலுக்குவதுபோல என்றேனே, அது இதற்காகத்தான்.

இன்னொன்று, அங்கே அடுக்கி வைத்திருக்கும் பொதுப் பந்துகள் வழவழ பிளாஸ்டிக். காய்ந்த தரையில்கூட அவ்வளவாகப் பிடிக்காது. டிவியில் வருகிறவர்கள் பந்து ரியாக்டிவ் ரெசின் என்ற பொருளில் செய்தது, தரையைக் கவ்வும், ஓட்டையும் அவரவர் விரலுக்கு அளவெடுத்துத் துளைத்தது. நேராக விட்டே 120, 130 எடுக்கலாம். அது வரும்வரை சொந்தப் பந்து வாங்க அவசரப்படாதீர்கள்.

நம்ம நாட்டுல யாராச்சும் இதுல பெரிய ஆளா இருக்காங்களா?

ஷாலின் சுல்கிப்லி பெயரைக் கேட்டதில்லையா? மலேசியப் பெண்கள் போலிங் என்றாலே முதலில் வரும் பெயர். 1998இல் கோலாலம்பூரில் காமன்வெல்த் போட்டி நடந்தபோது போலிங்கையும் சேர்த்திருந்தார்கள், அதற்கு முன்னும் பின்னும் காமன்வெல்த்தில் அது இடம்பெற்றதில்லை. ஒலிம்பிக்கில் 1988இல் சியோலில் காட்சி ஆட்டமாக மட்டும் வந்தது, பதக்க ஆட்டமாக இன்னும் வரவில்லை. எனக்கு அதில் கோபம் உண்டு.

கம்பெனி போட்டில எனக்கு சும்மாவே 80 பாயின்ட் கொடுத்தாங்க, பாவம்னு கொடுத்ததா?

பாவம் இல்லை, ஹேண்டிகேப். 200ஐ அடிப்படையாக வைத்து, உங்கள் சராசரிக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தில் 80 சதவீதம் கொடுத்திருப்பார்கள். உங்கள் சராசரி 100 என்றால் வித்தியாசம் 100, அதில் 80. சராசரி 160 எடுக்கும் மானேஜருக்கு 32. இருவரும் வழக்கம்போல ஆடினால் உங்களுக்கு 180, அவருக்கு 192. 60 வித்தியாசம் 12 ஆகிவிட்டது, ஆனாலும் அவர்தான் முன்னால். அன்றைக்கு நீங்கள் இரண்டு ஸ்பேர் கூடுதலாக எடுத்தால் அவர் பின்னால். அடிப்படையும் சதவீதமும் போட்டிக்குப் போட்டி மாறும், பெயர் கொடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

சின்னப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வரலாமா?

வரலாம். லோங்காங்கை மூடும் தடுப்பைப் போடச் சொல்லிக் கேளுங்கள், பந்து உருட்டிவிடும் சறுக்குச் சட்டமும் பல இடங்களில் இருக்கும். பந்து திரும்பி வரும் இடத்தில்தான் கண் வேண்டும். வருகிற பந்துக்கும் நிற்கிற பந்துக்கும் நடுவில் விரலை வைத்தால் நசுங்கும், பந்தை எப்போதும் இரண்டு பக்கவாட்டிலும் பிடித்துத் தூக்கச் சொல்லுங்கள். பின்னைக் கூட்டித் தள்ளும் கம்பி கீழே இறங்கியிருக்கும்போது பந்து விடக்கூடாது. பக்கத்து லேனில் ஒருவர் ஏற்கெனவே நின்று குறிபார்க்கிறார் என்றால் அவர் விடும்வரை பொறுங்கள். பந்து பாதி வழியில் நின்றுவிட்டால் எடுக்க ஓடாதீர்கள், ஆளைக் கூப்பிடுங்கள். எண்ணெய் கதைதான் மேலே சொல்லிவிட்டேனே.

இவ்வளவு பேசுறீங்களே, நீங்க எவ்வளவு எடுப்பீங்க?

நல்ல நாளில் 150ஐத் தாண்டுவேன். போன தடவை 104. பத்தாம் பின்னை ஐந்து முறை விட்டேன். எட்டு பவுண்டு பாட்டி 111.